சாலையோர வணிகரும் விற்பனைச் சான்றிதழும்

சாலையோரத்தில் பழமோ காய்கறியோ விற்கும் ஒருவர் கடன் வேண்டி வங்கிக் கிளைக்கு வரும்போது, அவர் கையில் பெரும்பாலும் மூன்று தாள்கள் இருக்கும். ஒன்று, ஆதார் அட்டையின் நகல். இரண்டாவது, தாம் அமரும் இடத்திற்காகச் செலுத்திய கட்டணத்தின் சீட்டுகள். நூலில் கோத்தோ ரப்பர் வளையம் இட்டோ பத்திரமாக வைக்கப்பட்டவை. மூன்றாவது, அதே இடத்தில் முன்பு வியாபாரம் செய்தவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, “இடத்தை வாங்கியதற்கு” எழுதிக்கொண்ட வெள்ளைத்தாள் உடன்படிக்கை. மூன்றையும் மிகுந்த நம்பிக்கையோடு மேசைமீது வைப்பார். முதல் தாள் அவர் யார் என்பதைச் சொல்லும். இரண்டாவது, அவர் நெடுநாளாக அங்கே தொழில் செய்கிறார் என்பதற்கு ஓரளவு சான்றாகும். மூன்றாவது எதற்கும் பயன்படாது. சில வேளைகளில் தீங்கும் செய்யும்.

அவரிடம் இருக்க வேண்டியது நான்காவது தாள். அதற்குச் சட்டம் இட்டுள்ள பெயர் விற்பனைச் சான்றிதழ். சாலையின் ஓரத்திலும், நடைபாதையிலும், பூங்காவின் வாயிலிலும், சந்தையின் முகப்பிலும் வியாபாரம் செய்பவருக்குரிய அனுமதி எழுத்து வடிவில் இருப்பது அந்தத் தாளில்தான். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அபெர்டீன் பஜாரிலும் ஜங்கிளிகாட் மீன் சந்தையிலும் தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை. ஆகவே இச்சட்டத்தைத் தமிழில் எடுத்துரைப்பது, நம் வாடிக்கையாளர்களுள் ஒரு பிரிவினருக்கு நேரடிப் பயன் தரும் எனக் கருதுகிறேன்.

நடைபாதை எதற்கு உரியது?

சாலை நடப்பதற்கும் வண்டிகள் செல்வதற்கும் உரியது; அங்கே கடை விரிப்பவர் எவராயினும் ஆக்கிரமிப்பாளரே என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. நீதிமன்றங்கள் இக்கேள்வியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தன. 1985-இல் பம்பாய் நடைபாதை வணிகர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வணிகத்திற்கெனத் தனி மண்டலங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்றது. ஒருவர் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்திற்குள் தம் வியாபாரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒரு மீட்டர் சதுரம் என்பது ஏறத்தாழ இரண்டு காய்கறிக் கூடைகளும் விற்பவர் அமர ஒரு மணையும் கொள்ளும் இடம்.

அதனினும் முதன்மையான தீர்ப்பு 1989-இல் வந்தது. டெல்லியில் நடைபாதையில் ஆடை விற்று வந்த சோடன் சிங் என்பவர் புதுடெல்லி நகராட்சிக் குழுவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. முறையான ஒழுங்குமுறைக்கு உட்பட்டுச் சாலையோரத்தில் வணிகம் செய்வது, அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு வழங்கும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என அரசியல் சாசன அமர்வு அறிவித்தது. அதே தீர்ப்பு மற்றொன்றையும் தெளிவாகக் கூறியது: வணிகம் செய்யும் உரிமை உண்டு, ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்தை நிலையாகத் தமதாக்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. இவ்விரண்டு கூற்றுகளையும் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள்தாம் பின்னர் இடர்ப்படுகிறார்கள். வணிகர்களுள் பலர் முதற்கூற்றையும், அதிகாரிகளுள் சிலர் இரண்டாம் கூற்றையும் மட்டும் பிடித்துக்கொள்வது வழக்கம்.

அதன் பின்னரும் தனிச்சட்டம் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2010-இல் கைந்தா ராம் வழக்கில், அரசு சட்டம் இயற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்தது. 2013 செப்டம்பரில் மக்களவையும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையும் நிறைவேற்றிய தெருவோர வணிகர் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் வணிக ஒழுங்குமுறை) சட்டம், 2014 மே 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் இரயில்வேக்கு உரிய நிலங்களுக்கும் இரயில்களுக்கும் பொருந்தாது. இரயிலே இல்லாத நம் தீவுகளில் இந்த விலக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கணக்கெடுப்பும் சான்றிதழும்

சான்றிதழ் எவ்வாறு கிடைக்கிறது? நகராட்சியில் நகர விற்பனைக் குழு என ஒன்று அமைக்கப்பட வேண்டும். அக்குழு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தன் எல்லையில் உள்ள சாலையோர வணிகர்கள் அனைவரையும் கணக்கெடுக்க வேண்டும். அதில் இடம்பெற்ற ஒவ்வொருவருக்கும் சான்றிதழும் அடையாள அட்டையும் வழங்கப்பட வேண்டும். இவ்வாறு இடமளிக்கப்படும் வணிகர்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. அது நகரின் அல்லது வட்டத்தின் மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு. முன்பு போர்ட் பிளேர் எனவும், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனவும் வழங்கப்படும் நம் தலைநகரின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஓர் இலட்சம். அக்கணக்கில் வரம்பு சுமார் 2,500 பேர். ஒரு மண்டலத்தில் இடம் குறைவாகவும் வணிகர் மிகுதியாகவும் இருந்தால் குலுக்கல் முறையில் தேர்வு நடைபெறும். விடுபட்டவர்களுக்கு அடுத்த மண்டலத்தில் இடம் தர வேண்டும். அவர்களை வெறுங்கையோடு அனுப்பச் சட்டம் இடந்தரவில்லை.

கணக்கெடுப்பின்போது ஊருக்குச் சென்றிருந்ததால் பெயர் விடுபட்டது என்பது நம் தீவுகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு. சென்னைக்குக் கப்பலில் சென்று திரும்பினால் பயணத்திற்கே ஏறத்தாழ ஒரு வாரம் கழிகிறது. திருமணம், கோயில் திருவிழா என்றால் ஒரு மாதம். அத்தகையோர் ஐந்து ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்திலும் விண்ணப்பிக்கலாம். மண்டலத்தின் கொள்ளளவைப் பொறுத்துக் குழு சான்றிதழ் வழங்கலாம். விண்ணப்பத்தின் நகலில் நாளிட்ட பெறுகை முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை இல்லையேல், நீங்கள் விண்ணப்பித்ததற்கே சான்று இல்லாமற்போகும்.

சான்றிதழைப் பெறும் வணிகர் மூன்று உறுதிமொழிகளை அளிக்கிறார். தாமோ தம் குடும்பத்தாரோதான் வியாபாரத்தை நடத்துவது என்பது ஒன்று. தமக்கு வேறு பிழைப்பு வழி இல்லை என்பது மற்றொன்று. சான்றிதழையோ அதில் குறித்த இடத்தையோ வாடகை உட்பட எவ்வகையிலும் பிறருக்கு மாற்றித்தர மாட்டேன் என்பது மூன்றாவது.

ஆள்வைத்துப் பல இடங்களில் வண்டி ஓட்டுபவர் இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது. தம் கடையின் படிக்கட்டுக்கு வெளியே நடைபாதையில் பெட்டிகளை அடுக்கி வைக்கும் கடை உரிமையாளருக்கும் அது கிடையாது. அவருக்குக் கடை என்னும் பிழைப்பு இருக்கிறதே.

வாங்கவும் விற்கவும் இயலாத இடம்

இனி அந்த வெள்ளைத்தாள் உடன்படிக்கைக்கு வருவோம். சாலையோரத்து இடம் ஒன்றைப் பெறுவதற்காக முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் கொடுக்கப் போகிறேன், அதற்குக் கடன் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. அக்கடனை வங்கி தராததற்குக் காரணம் எங்கள் மனக்கடுமை அன்று. அங்கே வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. இச்சட்டம் எவருக்கும் உடைமை உரிமையை அளிப்பதாகப் பொருள் கொள்ளலாகாது எனச் சட்டமே கூறுகிறது. விற்றவர் தம் உறுதிமொழியை மீறியவராகிறார். அவருடைய சான்றிதழ் இரத்தாகலாம். வாங்கியவருக்கோ அவ்விடத்தில் எந்த உரிமையும் பிறப்பதில்லை. விற்றவர் மறுத்துவிட்டால் எவரிடமும் முறையிடவும் முடியாது. பத்திரத்தாளில் எழுதி இரு சாட்சிகள் கையொப்பம் இட்டாலும் இந்நிலை மாறாது. சேமிப்பு முழுவதையும் இவ்வாறு கொடுத்துவிட்டுப் பின்னர் வங்கிக்கு வருபவரைக் காணும்போது, இச்செய்தி ஓர் ஆண்டு முன்னதாக இவருக்கு எட்டியிருக்கலாகாதா எனத் தோன்றும்.

இதன் மறுபக்கம் வணிகரின் குடும்பத்தைக் காப்பது. சான்றிதழ் பெற்றவர் இறந்துவிட்டாலோ, நிலையான ஊனமோ நோயோ உற்றாலோ, சான்றிதழின் காலம் முடியும் வரை அதே இடத்தில் குடும்பத்தார் ஒருவர் வியாபாரத்தைத் தொடரலாம். வரிசை முறையும் சட்டத்திலேயே உள்ளது: முதலில் வாழ்க்கைத் துணை, அடுத்துச் சார்ந்து வாழும் பிள்ளை.

எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் அம்மையார் ஒருவர், கணவர் மறைந்த நான்காம் வாரம் வந்தார். இளநீரும் வாழைப்பழமும் விற்ற குடும்பம். “சார், இடத்தை ஒரு சொந்தக்காரர் கேட்கிறார். முப்பதாயிரம் தருகிறாராம். அதை வைப்பில் போட்டால் மாதம் எவ்வளவு வரும்?” என்று கேட்டார். வட்டியைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டு, “அம்மா, சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது?” என்றேன். கணவர் பெயரில் இருந்தது. காலமும் இன்னும் முடியவில்லை. முப்பதாயிரம் ரூபாயை ஏழு விழுக்காட்டில் வைத்தால் மாதத்திற்கு 175 ரூபாய் வரும். அந்த இடத்தில் ஒரு நல்ல நாளின் முற்பகலிலேயே அதைவிட மிகுதியாக ஈட்டியதாக அவரே சொன்னார். எதிலும் கையொப்பம் இட வேண்டாம் என்றும், இறப்புச் சான்றிதழோடும் கணவரின் சான்றிதழோடும் நகராட்சிக்கு எழுத்தில் விண்ணப்பிக்குமாறும் கூறினேன். கணவர் இறந்ததும் இடமும் போய்விட்டது என அண்டையில் இருந்தோர் அவரை நம்ப வைத்திருந்தனர். அவர் இன்றும் அதே இடத்தில் இளநீர் வெட்டுகிறார். மூத்த மகன் பள்ளி விட்டபின் வந்து உதவுகிறான்.

அகற்றச் சொன்னால்

சான்றிதழ் இருப்பதனால் எந்நாளும் எவரும் அகற்ற முடியாது என்று கொள்ளலாகாது. பொதுத் தேவைக்காக ஒரு பகுதியை வணிகம் கூடாத மண்டலமாக, நகர விற்பனைக் குழுவின் பரிந்துரையின்பேரில், நகராட்சி அறிவிக்கலாம். அப்போது வணிகருக்கு மாற்றிடம் உண்டு. எந்நிலையிலும் முப்பது நாள் அறிவிப்பு இன்றி எவரையும் இடமாற்றவோ வெளியேற்றவோ கூடாது. சான்றிதழ் இல்லாதவருக்கும் இந்த முப்பது நாள் உரியது என்பதைப் பலர் அறியார். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ்கள் வழங்கப்படும் வரை ஏற்கெனவே உள்ள வணிகர்களை வெளியேற்றலாகாது என்றும் சட்டம் விதிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வணிகர்கள் தொழில் செய்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, இடமாற்றத்திலிருந்து காக்கவும் வழி உள்ளது. பழைய நகரப் பகுதி வணிகர்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

அறிவிப்புக் காலம் கடந்தும் அகலாதவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம், பொருள்களையும் கைப்பற்றலாம். கைப்பற்றினால், எடுத்த பொருள்களின் பட்டியலை எழுதிக் கையொப்பமிட்டு அதன் நகலை வணிகருக்குக் கொடுத்தாக வேண்டும். உரிய கட்டணத்தைச் செலுத்திக் கோரினால், அழுகும் பொருளை அன்றே திருப்பித்தர வேண்டும். ஏனையவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் தர வேண்டும். மீன் விற்பவருக்கு “அன்றே” என்னும் சொல்லின் மதிப்பு நன்கு விளங்கும். ஆகவே பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அத்தருணத்தில் உரத்த குரலால் ஆவதைவிட அந்தப் பட்டியலால் ஆவது மிகுதி.

சான்றிதழை இரத்து செய்வதற்கு முன் வணிகரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அம்முடிவை எதிர்த்து நகராட்சியிடமே மேல்முறையீடு செய்யலாம். வணிகர்களின் குறைகளைத் தீர்க்க, முன்னாள் உரிமையியல் நீதிபதி அல்லது குற்றவியல் நடுவரைத் தலைவராகக் கொண்ட தனிக்குழுவும் சட்டத்தில் உண்டு.

சாலை யாருடையது?

அந்தமானில் இக்கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவது நலம். நகராட்சியின் சான்றிதழ் நகராட்சியின் அதிகார எல்லைக்குள்தான் செல்லும். ஸ்ரீ விஜயபுரம் நகராட்சி மன்றம் 24 வட்டங்களைக் கொண்டது. அதற்கு வெளியே கிராமப் பஞ்சாயத்துகள். சுற்றுலாப் பயணிகள் நிறையும் ஸ்வராஜ் தீவிலும் (முன்பு ஹேவ்லாக்) ஷஹீத் தீவிலும் (முன்பு நீல்) கடற்கரை ஓரம் கடை போட விரும்புபவர், நகராட்சிச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. அங்கே பஞ்சாயத்தையும் வருவாய்த் துறையையும் அணுக வேண்டும். இடம் வனத்துறைக்கு உரியதாயின் அத்துறையையும் அணுக வேண்டும். தலைநகரையும் திக்லிப்பூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 4-இன் ஓரமோ நெடுஞ்சாலை நிலத்திற்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டது. அங்கே அனுமதி இன்றி ஒரு பந்தற்கால் ஊன்றினாலும் ஆக்கிரமிப்பாகும். அந்நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காப்புப் பகுதியூடே செல்லும் இடத்தில், ஜிர்க்காடாங் முதல் மிடில் ஸ்டிரெய்ட் வரை, வண்டிகள் அணியாகக் காவலோடு செல்கின்றன. அங்கே வணிகம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, காப்புப் பகுதிகளுக்குள் அனுமதிச் சீட்டு இன்றி வெளியார் நுழைவதே குற்றம்.

தீவுவாசி அடையாள அட்டை இருக்கிறதே, அது போதாதா எனச் சிலர் கேட்பர். அது நீங்கள் இத்தீவுகளில் வாழ்பவர் என்பதற்குரிய சான்று; கப்பல் சீட்டு எடுக்கும்போது உதவும். சாலையில் அமர்வதற்கான அனுமதி ஆகாது.

விற்கும் பொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. உணவு விற்பவர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளுக்கும், எடைபோட்டு விற்பவர் முத்திரையிட்ட எடைக்கருவிக்கும் கட்டுப்பட்டவர். பவளப்பாறைத் துண்டுகளும், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சங்கு, சிப்பி வகைகளும் நடைபாதையில் நல்ல விலைக்குப் போகும் என்பது உண்மையே. விற்பனைச் சான்றிதழ் அவற்றுக்குக் காப்பு அளிக்காது. அப்படிப் பிடிபட்டால் போவது பொருள் மட்டுமன்று.

சான்றிதழிலிருந்து கடனுக்கு

ஒரு வங்கி அலுவலனுக்கு இச்சட்டத்தில் தனி அக்கறை ஏன் எனில், இந்தத் தாளைப் பற்றிக்கொண்டுதான் கடன் வருகிறது. கொரோனா ஊரடங்கில் தொழில் இழந்த சாலையோர வணிகர்களுக்காக ஒன்றிய அரசு 2020 ஜூன் மாதம் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. பிணையம் இல்லை. தொடக்கத்தில் முதற்கடன் 10,000 ரூபாய் வரை, அதை ஒழுங்காக அடைத்தால் 20,000, அதன்பின் 50,000 என இருந்தது. 2025 ஆகஸ்டில் அமைச்சரவை இத்திட்டத்தை மறுசீரமைத்து, கடன் வழங்கும் காலத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது. இப்போது முதற்கடன் 15,000, இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000 ரூபாய் வரை. இரண்டாம் கடனை அடைத்தவருக்கு யுபிஐ-யோடு இணைந்த ரூபே கடன் அட்டையும் உண்டு. நகராட்சி எல்லையோடு நின்றிருந்த திட்டம் கணக்கெடுப்பு நகரங்களுக்கும் நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவடைகிறது.

இக்கடனின் மதிப்பைத் தண்டல் வட்டியோடு ஒப்பிட்டால் உணரலாம். 15,000 ரூபாய்த் தண்டல் என்றால் கையில் வருவது 13,500; நாள்தோறும் 150 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்து ஐந்நூறுதானே கூடுதல்” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ முழுத்தொகைக்கும் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது. முறையாகக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டி. அதே 15,000 ரூபாயை வங்கியில், ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு எனக் கொண்டு, மாதம் 1,250 ரூபாய் அசலும் மீதத்திற்கு வட்டியுமாகப் பன்னிரண்டு மாதங்களில் அடைத்தால் மொத்த வட்டி 975 ரூபாய். அதில் 7 விழுக்காட்டு வட்டி மானியமாக ஏறத்தாழ 569 ரூபாய் உங்கள் கணக்கிற்கே திரும்ப வரும். ஓராண்டுக்கு நீங்கள் ஏற்பது சுமார் 406 ரூபாய். தண்டல்காரர் நூறு நாளில் எடுப்பது 1,500.

ஆனால் தண்டல்காரர் தாள் எதுவும் கேட்பதில்லை; விடியற்காலையில் சந்தைக்கே வந்து பணம் தருகிறார். நம் தீவுகளில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் கப்பலை எதிர்பார்த்திருப்பவை. கப்பல் வந்த அன்று மூட்டையாக வாங்கி வைக்கக் கையில் பணம் இருப்பவர் பிழைத்தார். இல்லாதவர் நான்கு நாள் கழித்துக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அந்த அவசரத்தைத் தண்டல்காரர் நன்கு அறிவார். வங்கிக்கடனை அந்த அவசரத்திற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே, சான்றிதழை இன்றே தேடுங்கள் என வற்புறுத்துகிறேன்.

இரண்டு குறிப்புகள். கடன் கணக்கு வாராக்கடனாகிவிட்டால் அக்காலத்திற்கு வட்டி மானியம் கிடைக்காது. முன்கூட்டியே அடைப்பவருக்கு அதற்கெனத் தண்டத்தொகை எதுவும் இல்லை.

சான்றிதழ் இன்னும் கைக்கு வராதவர்க்கும் வழி உண்டு. கணக்கெடுப்பில் பெயர் இடம்பெற்றுச் சான்றிதழ் மட்டும் வராதிருந்தால், நகராட்சி தற்காலிகச் சான்றிதழ் வழங்கலாம். பெயரே விடுபட்டவர்களும், கணக்கெடுப்புக்குப் பின் தொழில் தொடங்கியவர்களும், புறநகர்ப் பகுதிகளிலிருந்து நகருக்குள் வந்து விற்பவர்களும் நகராட்சியிடம் பரிந்துரைக் கடிதம் கோரலாம். வெள்ளைத்தாளில் எழுதிய விண்ணப்பமே போதும்; நகராட்சி உள்ளூர் விசாரணை செய்து பதினைந்து நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் எனத் திட்ட நெறிமுறை கூறுகிறது. முன்பு கூறிய கட்டணச் சீட்டுக் கட்டும், வணிகர் சங்கத்தின் உறுப்பினர் அட்டையும், தொழில் செய்யும் இடத்தில் எடுத்த நாளிட்ட புகைப்படங்களும் இங்கேதான் பயன்படும். ஆதார் எண்ணோடு கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். கிளைக்கு வந்த பின் பலர் திரும்பிச் செல்வது இந்த ஒன்றினால்தான்.

குழுவில் உங்கள் இருக்கை

நகர விற்பனைக் குழுவைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அதன் உறுப்பினர்களுள் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் சாலையோர வணிகர்களாகவே, அவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக, இருக்க வேண்டும்; அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். போக்குவரத்துக் காவலர், மருத்துவ அலுவலர், குடியிருப்போர் நலச்சங்கம் ஆகியோரோடு வங்கிகளுக்கும் அக்குழுவில் பிரதிநிதித்துவம் உண்டு.

எந்தச் சாலையில் எத்தனை பேர், எந்நேரத்தில் அமரலாம் என்பது அக்குழுவில் பேசப்படும் பொருள். பெருநிலத்து நகரங்களைப் பார்த்து மாலை 6 மணிக்குத் தொடங்கும் சந்தை என்று இங்கே எழுதிவிட முடியாது. மார்கழியில் நம் ஊரில் ஐந்தரை மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் மழை. தார்ப்பாய் கட்ட எத்தனை அடி உயரம், மழைநீர் வடியும் கால்வாயிலிருந்து எவ்வளவு தள்ளி என்பவை இவ்வூரில் கூடை வைத்து அமர்ந்தவருக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. நேரப் பகிர்வு முறையில் இடம் பெற்றவர் தமக்குரிய நேரம் முடிந்ததும் பொருள்களை அகற்றிவிட வேண்டும் என்பதால், நேரத்தை எவ்வாறு வகுப்பது என்பது வருமானத்தையே வகுப்பதாகும்.

சான்றிதழ் வழங்கவும் புதுப்பிக்கவும் எத்தனை நாள் ஆகும் என்பதை அறிவிக்கும் வணிகர் சாசனத்தையும், பதிவுபெற்ற வணிகர்களின் பட்டியலையும் நகராட்சி வெளியிட வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. கட்டணமும் சான்றிதழின் காலமும் உள்ளூர்த் திட்டத்தைப் பொறுத்தவை. நகராட்சி அலுவலகத்தில் இச்சாசனத்தைக் கேட்டுப் பாருங்கள். பட்டியலில் உங்கள் பெயரும், இடமும், விற்கும் பொருளும் சரியாக உள்ளனவா எனச் சரிபாருங்கள். காய்கறி எனப் பதிந்துவிட்டு மீன் விற்றால் அது நிபந்தனை மீறல். அதற்கு 2,000 ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கலாம். தொழிலை மாற்றிக்கொண்டவர்கள் முதலில் அந்தப் பதிவை மாற்றிக்கொண்டு, பின்னர் கடனுக்கு வருவது எளிது.